ஃபேஸ்லிஃப்ட், நெக் லிஃப்ட்: சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்கள் எதற்குத் தயாராக வேண்டும்?

டீச்சரம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, வயது 61. இனிப்புநீர் வந்த பிறகு டாக்டர் சொன்னபடி உடம்பைக் குறைத்தேன். அதற்காக வாரம் ஒரு ஊசியும் போட்டுக்கொள்கிறேன். 20 கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டது. ஆனால் தோல் அப்படியே நின்றுவிட்டது. தாடையின் இரண்டு பக்கமும் தொங்கல், கழுத்தில் நீளவாக்கில் இரண்டு நரம்பு புடைத்துக்கொண்டு தெரிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா?” என்கிறார்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்து நன்றாக இருக்கும்போது இந்தக் கேள்வி!

முகத்தையும் கழுத்தையும் தூக்கித் தைக்கும் ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கிறேன். வலி எப்படி, எத்தனை நாள் வீட்டிலேயே கிடக்க வேண்டும், எது மாறும், எது மாறாது? செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். செய்யலாமா கூடாதா என்ற பட்டிமன்றம் வீட்டிலேயே நடக்கிறது, இங்கே வேண்டாம்.

சிப்புட் ராஜா:

டீச்சர், கோபப்படாதீங்க. அந்தக் காசில் காசிக்கு ஒரு தடவை போய்வந்திடலாம். வயசு தெரிந்தால் என்ன இப்போ?

கமுனிங் பையன்:

ராஜா அண்ணே, பட்டிமன்றம் வேண்டாம் என்று டீச்சர் கடைசி வரியில் எழுதியிருக்காங்க. கடைசி வரி வரைக்கும் படிக்கணும்லா.

லிந்தாங் ரோட்டுக்காரி:

டீச்சர், நான் செய்துகொண்டவள். முகம், கழுத்து இரண்டும் ஒரே நேரத்தில், கோலாலம்பூரில், ஒரு தனியார் மருத்துவமனையில். எனக்கு 56 வயது அப்போது. விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலில் வலி. எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, கொடுத்த மாத்திரையில் அடங்கியது. இறுக்கம்தான் தாங்க முடியாமல் இருந்தது. தாடைக்குக் கீழே யாரோ துண்டை முறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி ஒரு பிடிப்பு. மூச்சு நன்றாக வருகிறது, ஆனால் விழுங்கும்போதெல்லாம் அந்தப் பிடிப்பு தெரியும். முதல் சில நாள் கஞ்சி, மசித்த சோறு, பப்பாளி. கருவாடு, ஊறுகாய் பக்கமே போகாதீர்கள், உப்பு கூடினால் வீக்கம் இறங்காது.

ஆபரேஷன் முழு மயக்கத்தில். நெற்றிப்பொட்டு முடிக்குள் ஆரம்பித்து, காதுக்கு முன்னால் மடிப்போடு இறங்கி, காது மடலைச் சுற்றி, பின்பக்கம் ஏறி, பிடரி முடிக்குள் போய் முடிகிறது வெட்டு. கழுத்துக்காகத் தாடைக்கு அடியில் இன்னொரு சின்ன வெட்டு. கண் விழித்தபோது தலை முழுக்கக் கட்டு. காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மெல்லிய குழாய், அதன் முனையில் எலுமிச்சை அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ், அதில் இரத்தநீர் சேர்கிறது. நர்ஸ் வந்து அதை அளந்து எழுதிக்கொண்டு போனார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது ஒரு சுருக், அவ்வளவுதான்.

மூன்றாம் நாளுக்கு மேல் மனசு இறங்கும், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஒரு பக்கம் ஒன்று மறுபக்கம் ஒன்றாக இருந்தது. என்ன காரியம் செய்தோம் என்று அழுதேன். பலருக்கும் அப்படித்தானாம். கன்றிப்போன நிறம் புவியீர்ப்பில் கீழே இறங்கி நெஞ்சு வரைக்கும் மஞ்சளாக வந்தது. இரண்டு வாரத்தில் ஆள் பார்க்கும்படி ஆனேன். ஆனால் என் முகம் என்னுடையது என்று தோன்ற மூன்று மாதம் போனது.

காது மரத்துப்போயிருந்தது. தோடு போடும்போது திருகாணி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் மாட்டினேன். இப்போது உணர்வு முக்கால்வாசி வந்துவிட்டது, இடது மடலின் நுனியில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு.

எது மாறியது? தாடைக்கோடு தெளிவாக வந்தது. கழுத்துத் தொங்கல் போய்விட்டது. எது மாறவில்லை? மேலுதட்டுச் சின்னச் சின்னக் கோடுகள், கண் இமை, வெயிலில் வந்த மங்கு எல்லாம் அப்படியே. மூக்கிலிருந்து வாய் வரைக்கும் ஓடும் மடிப்பு கொஞ்சம் மங்கியது, போகவில்லை. இதையெல்லாம் டாக்டர் முதலிலேயே சொன்னார். சொல்லாத டாக்டராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

ரோட்டுக்காரி நல்லா எழுதிட்டாங்க. நான் அறுவைப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை, அதனால் இதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர் சொன்ன “நரம்பு” நரம்பு இல்லை. கழுத்தின் முன்பக்கம் தோலுக்கு அடியில் மெல்லிய தசை விரிப்பு ஒன்று இருக்கிறது, பிளாட்டிஸ்மா என்பார்கள். வயதாக ஆக அதன் இரண்டு ஓரங்களும் பிரிந்து முன்னால் புடைக்கும். நெக் லிஃப்டில் தாடைக்கு அடியிலுள்ள வெட்டு வழியாக அந்த இரண்டு ஓரத்தையும் நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். முகத்திலும் இதே கதைதான். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் பலத்த எதிர்காற்றில் நிற்கிற மாதிரி முகம் ஆகிவிடும், தழும்பும் அகலும், சீக்கிரம் தளர்ந்தும் போகும். தோலுக்கு அடியில் ஸ்மாஸ் என்றொரு படலம் இருப்பதை 1976-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தப் படலத்தைத் தூக்கி நிறுத்துவதும், தோலை இழுக்காமல் மேலே போர்த்தி மிச்சத்தை வெட்டுவதும் வழக்கமாயிற்று. இன்றைக்கு டீப் பிளேன் என்று சொல்வது அந்தப் படலத்துக்கும் அடியில் போய் மொத்தமாகத் தூக்குவது. எந்த முறை என்பது டாக்டரின் கைப்பழக்கத்தையும் உங்கள் முகத்தையும் பொறுத்தது. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயம். இந்த ஆபரேஷனில் அதிகம் வருகிற சிக்கல் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிக்கொள்வது. நூறு பேரில் ஒரு சிலருக்கு வரும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, கல் மாதிரி இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் அதுதான். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் மேல்தோலுக்கு இரத்தம் போகாமல் கருகும். கழுத்தில் இரத்தம் கட்டினால் மூச்சே அடைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன் டீச்சர், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ செய்துவிட்டு மறுநாள் காரில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடித்துச் சிப்புட்டுக்கு வராதீர்கள். அவசரம் என்றால் இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, அரை மணியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மூச்சுத் திணறினால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். ஆனால் உங்கள் முகத்தைத் திறந்து தைத்தவர் பக்கத்தில் இருப்பது வேறு. குறைந்தது முதல் தையல் பிரிக்கும் வரைக்கும், அதாவது ஒரு வாரம் அங்கேயே உறவுக்காரர் வீட்டிலோ அறை எடுத்தோ தங்குங்கள். காதுக்கு முன்னால் உள்ள தையலை ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரிப்பார்கள், முடிக்குள் இருப்பது பத்து, பதினான்கு நாள் வரைக்கும் போகும். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். மாடியில் தூங்கும் மகன் மருமகள் போதாது, இரவில் எழுந்து முகத்தைப் பார்க்கிற ஆள் வேண்டும்.

இரத்த அழுத்தம் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் மேசையில் படுக்கவே கூடாது. இரத்தக் கட்டுக்கு முதல் காரணம் அதுதான்.

டீச்சரம்மா:

மிஸ்ஸி, ரொம்ப நன்றி. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது. இனிப்புநீர் இருப்பதால் செய்யவே மாட்டார்களோ?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

செய்வார்கள், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்த்துவிட்டு. அது நல்ல நிலையில் இருந்தால் புண் ஆறும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு சங்கதி உண்டு. உடம்பு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் பொறுங்கள். எடை ஒரே இடத்தில் சில மாதம் நின்ற பிறகு செய்யுங்கள், இல்லையென்றால் தைத்த பிறகும் கொழுப்பு கரைந்து மறுபடி தொங்கும். இரண்டாவது, அந்த வார ஊசி. அது இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். பட்டினி கிடந்தாலும் வயிற்றில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை அவரும் உங்கள் இனிப்புநீர் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

அப்புறம் சாதாரண மருந்துகள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்குகிற மூலிகைப் பொடி, எல்லாம் இரத்தம் உறைவதைத் தள்ளிப்போடக் கூடியவை. ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது டாக்டர் சொல்லி நடக்க வேண்டும்.

லாரி அண்ணே:

மிஸ்ஸி, சிகரெட்? ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்.

கமுனிங் பையன்:

அந்த நண்பருக்கு லாரி இருக்கா அண்ணே?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

நண்பரிடம் சொல்லுங்கள்: புகைத்தால் பல டாக்டர்கள் இந்த ஆபரேஷனைத் தொடவே மாட்டார்கள். தோலைப் படலத்திலிருந்து பிரித்துத் தூக்கும்போது அது ஓரத்திலிருந்து வருகிற சின்னச் சின்ன இரத்தக்குழாய்களை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. நிகோட்டின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். காதுக்குப் பின்னால் தோல் கறுத்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன், மறக்க முடியாது. முன்னாலும் பின்னாலும் குறைந்தது நான்கு வாரம் சுத்தமாக நிறுத்த வேண்டும். வேப், நிகோட்டின் சூயிங்கம், வெற்றிலையோடு போடும் புகையிலை, எல்லாம் இதே கணக்கில்தான்.

லாரி அண்ணே:

சரி, நண்பர்னு பொய் சொல்ல வேண்டாம், நான்தான். ஆம்பளைக்கு வேறு மாதிரியா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

தாடி முடிக்காக முகத்தில் இரத்த ஓட்டம் கூடுதல், அதனால் இரத்தக் கட்டும் ஆண்களுக்குக் கூடுதலாகவே வருகிறது. இன்னொன்று, தோலை இழுத்துப் பின்னால் கொண்டுபோகும்போது தாடி முளைக்கும் தோல் காதை ஒட்டி வந்துவிடும். காதுக்குள்ளும் பின்னாலும் சவரம் செய்ய வேண்டி வரலாம். அதற்கேற்ப வெட்டை எங்கே வைப்பது என்று டாக்டரிடம் முன்பே பேசுங்கள் அண்ணே. முதலில் சிகரெட்.

வெள்ளைக் காப்பி:

நான் ஈப்போ. ஆபரேஷன் இல்லாமல் நூல் போட்டு இழுப்பது, ஒலி அலைச் சூட்டால் தோலை இறுக்கும் ஹைஃபூ அடிப்பது என்றெல்லாம் விளம்பரம் வருகிறதே. எங்கள் பக்கத்து அழகு நிலையத்தில் சலுகை விலை என்று அக்கா போய் நூல் போட்டுக்கொண்டார். ஒரு கன்னத்தில் குழி விழுந்து, நூல் முனை தோலுக்கு அடியில் தட்டுப்பட்டது. கேட்டால் “மசாஜ் பண்ணுங்க, சரியாயிடும்” என்றார்கள். கடைசியில் கிளினிக்கில் போய் எடுத்தோம்.

லிந்தாங் ரோட்டுக்காரி:

நானும் முதலில் அந்த ஹைஃபூவுக்குத்தான் போனேன், டாக்டர் கிளினிக்கிலேயே. லேசான தளர்ச்சிக்கு ஏதோ பலன் தரலாம். மடித்துத் தொங்குகிற தோலை எந்தக் கருவியும் வெட்டி எடுக்காது, அது கத்தியின் வேலை. நூலும் சில மாதத்தில் கரைந்துவிடும்.

அழகு நிலையத்தில் நூல், ஊசி எதையுமே போட்டுக்கொள்ளாதீர்கள், அது டாக்டர் செய்ய வேண்டியது. டாக்டரிலும், அழகு சிகிச்சைக்கு அனுமதிக் கடிதம் வாங்கிய பொது மருத்துவர் வேறு, பிளாஸ்டிக் சர்ஜன் வேறு. சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் டாக்டர் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். 2017 ஜூலையிலிருந்து நிபுணர்கள் தனியாகப் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நிபுணர் பதிவில் அவர் பெயர் இருக்கிறதா, எந்தத் துறையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆபரேஷன் நடக்கும் இடம் மருத்துவமனையா, அறையில் மேசை போட்ட கிளினிக்கா என்றும் கேளுங்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது.

செம்பனைக்காரி:

கழுத்தில் கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதாதா? செலவு குறையும்லே?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

தோல் இறுக்கமாக இருக்கிற இளவயதுக்காரருக்குப் போதும். டீச்சரைப் போல எடை குறைந்து தோல் மிஞ்சியவருக்கு உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் உறிஞ்சினால் பை இன்னும் காலியாகித் தொங்கும், தசைக் கோடும் இன்னும் எடுப்பாகத் தெரியும். கழுத்து மட்டும் பிரச்சினை என்றால் நெக் லிஃப்ட் தனியாகச் செய்யலாம். தாடைத் தொங்கலும் சேர்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வதே வழக்கம், ஏனென்றால் கழுத்தைச் சீராக்கிவிட்டு மேலே விட்டுவைத்தால் தொங்கல் முன்னைவிடக் கண்ணில் படும்.

செம்பனைக்காரி:

தழும்பு? நம்ம நிறத்துக்குக் கறுப்பாத் தெரியாதா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

முதல் சில மாதம் தெரியும். சிவந்து, பிறகு கறுத்து, அப்புறம் மெதுவாக மங்கும். ஒரு வருஷம் ஆகலாம். நம் தோலுக்கு இரண்டு கவலை: தழும்பு கறுப்பது, தழும்பு தடித்து வளர்வது. காது குத்தின இடத்தில் யாருக்காவது உருண்டையாகக் கட்டி வந்திருக்கிறதா என்று பாருங்கள், மூக்குத்தி இடத்திலும்தான். உங்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது கெலாய்டு. இந்த ஆபரேஷனில் வெட்டு முழுக்கக் காதைச் சுற்றித்தானே ஓடுகிறது. மற்றபடி புண் ஆறிய பிறகு சிலிக்கான் ஜெல், வெயிலில் போகும்போது குடை. ரத ஊர்வலத்துக்கு நடக்கிறவர்கள் அந்த வருஷம் நிழலில் நில்லுங்கள்.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். முகத்தசையை அசைக்கும் நரம்பு அடிபட்டு வாய் ஒரு பக்கம் இழுப்பது. தற்காலிகமாகச் சிலருக்கு வரும், வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். நிரந்தரமாக ஆவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்றாலும் அந்த ஒருவர் நாமாக இருக்கலாம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

கமுனிங் பையன்:

அம்மாவுக்காகப் படிக்கிறேன். மோட்டாரில் எப்போது போகலாம்? அம்மா தோட்டத்து வீட்டிலிருந்து கடைக்கு அதில்தான் வருவாங்க.

லிந்தாங் ரோட்டுக்காரி:

தம்பி, நல்ல கேள்வி, பெரிய டாக்டர்களுக்குக்கூடத் தோன்றாது. ஹெல்மெட் காதை அழுத்தும், அதன் வார் சரியாகத் தாடைத் தையலில் உட்காரும். காது மரத்திருப்பதால் உரசினாலும் தெரியாது. என் டாக்டர் ஆறு வாரம் என்றார். காரும் கழுத்தைத் திருப்ப முடிகிற வரைக்கும் வேண்டாம், எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் முடிந்தது. ஹேர் டிரையரின் சூட்டையும் மரத்த காது உணராது, சுட்டுவிடும், ஜாக்கிரதை.

தூக்கம் மல்லாந்துதான், தலை உயர்ந்து. தலையணையை அடுக்கினால் தாடை நெஞ்சில் குத்தும், அது கழுத்துத் தையலுக்கு ஆகாது. நான் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினேன். குனிந்து கூட்டுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, சாமி கும்பிட விழுவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். ஆனால் படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடங்கள், காலில் இரத்தம் உறையக் கூடாது.

சிப்புட் ராஜா:

சரி, செலவு எவ்வளவு ஆச்சு? அதையும் சொல்லுங்க.

லிந்தாங் ரோட்டுக்காரி:

ரிங்கிட்டில் ஐந்து இலக்கத் தொகை, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வருவார். சர்ஜன், மயக்க டாக்டர், மருத்துவமனை மூன்றும் தனித்தனி ரசீது. மூன்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் யார் காசு என்பதையும் அதிலேயே கேளுங்கள். அழகுக்காகச் செய்வதைக் காப்புறுதி ஏற்காது. நான் 55 வயதில் எடுத்த சேமநிதியில் கட்டினேன். கடன் வாங்கிச் செய்ய வேண்டிய ஆபரேஷன் இது இல்லை. கோலாலம்பூரில் தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சிப்புட் ராஜா:

அப்போ எத்தனை வருஷம் தாங்கும்?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

பொதுவாக ஏழிலிருந்து பத்து வருஷம் என்பார்கள். வெயில், புகை, எடை ஏறி இறங்குவது எல்லாம் அதைக் குறைக்கும். அதன் பிறகும் செய்யாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதைவிடக் கொஞ்சம் மேலாகவே இருக்கும்.

டீச்சரம்மா:

எல்லாம் புரிந்தது. இன்னும் ஒன்றுதான் உறுத்துகிறது. இந்த ஊரில் ஆபரேஷன் என்றால் ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என்ன சொல்வது?

லிந்தாங் ரோட்டுக்காரி:

நான் பல் ஆபரேஷன் என்றேன். நம்பினார்களா தெரியாது. இப்போது கேட்டால் நேராகவே சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் மட்டும் கேட்டைப் பூட்டி வையுங்கள். விசேஷம் இருந்தால் அதற்கு மூன்று மாதம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், தீபாவளிக்கு என்றால் பள்ளி விடுமுறை பார்த்து ஜூன் வாக்கில்.

டீச்சரம்மா:

மகனுக்குக் கோலாலம்பூர் பக்கம் சுபாங்கில் வீடு, மாடி இல்லாத வீடுதான். பத்து நாள் அங்கே இருந்துகொள்ளலாம். எடை நின்றதா என்று ஆண்டு இறுதி வரை பார்த்துவிட்டு, இரண்டு டாக்டரையாவது பார்க்கப் போகிறேன். வீட்டுக்காரர் “நானும் கூட வருகிறேன், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்க” என்கிறார். அதுவே பெரிது. கடைசியாக, தலைக்குச் சாயம் எப்போது போடலாம் மிஸ்ஸி? நரை தெரிய நான் வெளியே போனதில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு தையல் முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான், எப்படியும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் நரை தெரிந்தால் சால்வையைப் போட்டுக்கொள்ளுங்கள் டீச்சர், தழும்புக்கும் நிழல்.